சிவப்பு கோட்டுக்காரரின் டிரம்

நான்கு வருடம் இருக்கும். ஆவணி மாதம், முகூர்த்த நாளுக்கு முந்தின சாயங்காலம். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் எங்கள் ராக் இசைக்குழு மேடையேறக் காத்திருந்தது. டிரம்ஸ் வாசிப்பது நான். பெண்தான். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் இன்றைக்கும் அதை முழுசாக நம்புவதில்லை.

எனக்குப் பிறவியிலேயே ஒரு வியாதி உண்டு. சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னல் கம்பி, வீட்டில் சாப்பாட்டுத் தட்டு, எதைக் கண்டாலும் தட்டுவேன். "செத்த நேரம் அடங்கி உக்காரேம்மா, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமே தேவலாம் போல இருக்குது" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். மேடையிலும் அதே கதைதான். தொடங்கின வேகத்திலேயே பாட்டை முடிக்க வேண்டும். நானோ போகப் போக வேகத்தைக் கூட்டி ஓட்டிவிடுவேன். குழுவில் எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்து, மாதக்கணக்கில் பயிற்சி செய்து அந்தக் குணத்தை ஒருவழியாக அடக்கி வைத்திருந்தேன். அன்றைய போட்டியில் தேறும் ஒரே குழுவுக்குப் பெங்களூரில் பெரிய மேடை காத்திருந்தது. அது கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு டிரம்ஸே பிழைப்பு என்று இறங்கிவிடலாம் என்பது என் கணக்கு.

எங்கள் முறை வருவதற்குச் சற்று முன்பு, சோதித்துப் பார்க்க ஓர் அடி அடித்தேன். முட்டிகளுக்கு நடுவே இருக்கும் ஸ்நேர் டிரம்மின் தோல் டப்பென்று கிழிந்தது. அது இல்லாமல் ராக் பாட்டே இல்லை. மாற்றுத் தோல் இருந்த பை வீட்டில். மற்ற குழுக்காரர்களிடம் கேட்டேன். போட்டியாயிற்றே, உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிர்ப்புறம் ஒரு கல்யாண மண்டபம். அங்கே மாப்பிள்ளை அழைப்புக்கு வந்திருந்த பேண்டு செட்டுக்காரர் ஒருவர், சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஜரிகைப் பட்டி வைத்த சிவப்பு கோட்டு, தோளில் ஸ்நேர் மாதிரியே இருக்கும் சைடு டிரம். என் முகத்தைப் பார்த்தார், கிழிந்த தோலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வாரைக் கழற்றினார்.

"இந்தாம்மா, இத்த வச்சிக்கினு வாசி. ஊர்வலம் கிளம்பறதுக்குள்ள மட்டும் குடுத்துடு. இல்லேன்னா எங்க மாஸ்டர் என்னை உண்டு இல்லேன்னு ஆக்கிடுவாரு."

முன்பின் தெரியாத ஒருவர் தன் பிழைப்பையே கழற்றிக் கொடுக்கிறார்! டிரம்மை வாங்கி ஸ்டாண்டில் பொருத்தினேன்.

முதல் பாட்டு அருமையாகப் போனது. சைடு டிரம் கணீர் கணீரென்று பேசியது. இரண்டாவது பாட்டில்தான் மேடையோரம் நின்ற அவரைக் கவனித்தேன். போனைப் பார்க்கிறார், எட்டி மைதானத்து கேட்டைப் பார்க்கிறார், திரும்பவும் போன். ஊர்வலம் கிளம்பிவிட்டதோ? பாட்டு நடுவே டிரம்மைக் கழற்றித் தர முடியாது. எழுந்து போனால் குழுவின் கதி அதோகதி. ஆனால் ஒன்று என்னால் முடியும். பாட்டு எவ்வளவு சீக்கிரம் முடிய வேண்டும் என்பது டிரம்ஸ்காரி கையில்தானே இருக்கிறது!

ஓட்டினேன். தெரிந்தேதான் ஓட்டினேன். கிடார்க்காரன் திரும்பி முறைத்தான். பாடுகிறவனுக்கு மூச்சு வாங்கியது. சிவப்பு கோட்டு மறுபடி கேட்டை எட்டிப் பார்த்தது, நான் இன்னும் ஓட்டினேன். கடைசிப் பாட்டை நாய் துரத்தின மாதிரி முடித்தோம். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் டிரம்மைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

"மன்னிச்சுக்கோங்கண்ணா, லேட் பண்ணிட்டேன்!"

அவர் திருதிருவென்று விழித்தார். "என்னாம்மா, அதுக்குள்ள முடிச்சிட்ட? மாப்பிள்ளை இன்னும் வந்தே சேரலியாம். நம்ம டிரம்மு மேடை ஏறிக்கீது, ஓடியாங்கடான்னு எங்க ஆளுங்களுக்கு போன் போட்டேன். அவங்களைத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கேட்டுக்குள் சிவப்பு கோட்டுகள் ஓடி வந்தன. கக்கத்தில் டிரம்பெட்டை இடுக்கிக்கொண்டு ஒருவர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், எல்லோருக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு. "எங்கடா? எங்க வாசிக்கிறாங்க?" மேடையில் அடுத்த குழு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தது. "முடிஞ்சிபோச்சுண்ணே" என்றார் டிரம்மைக் கொடுத்தவர்.

"ஒரு நிமிஷம் இருங்க, இப்பவே வாசிச்சுக் காட்டறேன்" என்று நான் குச்சியைத் தேடும்போதே மண்டபத்துப் பக்கம் வெடி வெடித்தது. மாப்பிள்ளை கார் வந்துவிட்டது. "பரவால்லம்மா, நான் பாத்தேன் இல்ல, அது போதும்" என்று டிரம்மை மாட்டிக்கொண்டு அவர் ஓட, மற்றவர்களும் வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினார்கள்.

பெங்களூர் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. "பதறிய காரியம் சிதறும்னு சும்மாவா சொன்னாங்க" என்ற கிடார்க்காரன் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு வேறு மேடைகள் வந்தன, வேலையையும் விட்டேன், இன்று டிரம்ஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் பெங்களூர் கைநழுவிப் போனதில் வருத்தமில்லை. அந்த மனிதருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அவர் ஆசை ஆசையாகத் தன் ஆட்களுக்குக் காட்ட நினைத்த சில நிமிடங்களை நானே பறித்துவிட்டேனே, அதுதான் ஆறவில்லை. இப்போதெல்லாம் வழியில் பேண்டு செட் வந்தால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி, கடைசி ஆள் கடந்து போகும்வரை நின்று கேட்கிறேன். அன்று அவர்கள் மூச்சிரைக்க ஓடி வந்ததற்கு இது ஈடாகாது என்று தெரிந்தும்தான்.