கம்மங்காட்டில் தொங்கிய கல்யாண சிடி

அண்ணன் மகள் கல்யாண வீடியோவின் அசல் சிடியைத் தேடிப் பரளச்சிக்குப் போனவன், அதை மதினியின் கம்மங்காட்டில்தான் கண்டேன். குருவி விரட்டக் கட்டிய கயிற்றில், பழைய சினிமா சிடிகளுக்கு நடுவே அதுவும் வெயிலில் மின்னிக்கொண்டு தொங்கியது. திருப்பிப் பார்த்தேன். முழுக்கக் கீறல். குற்றம் என்னுடையதுதான். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு மதினி, இனி இது சும்மாதான்" என்று பெரிய மேதாவி போலச் சொல்லிவைத்திருந்தேன். எங்கள் பக்கம் சும்மா கிடக்கும் சிடி காட்டுக்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? இப்போதெல்லாம் யாருக்கு நகல் எடுத்துக் கொடுத்தாலும், அசலைப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் பரளச்சிக்குப் போனதற்கு முந்தின வாரம் மதினி அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்து கேட்டது ஒன்றே ஒன்று. "தாலி கட்டி முடிச்சதும் அவுக எங்கிட்ட என்னமோ சொன்னாக தம்பி. கொட்டுச் சத்தத்துல காதுல விழல. நான் பாட்டுக்குத் தலையாட்டிட்டேன். என்ன சொன்னாகன்னு கேக்கணும்." என் கம்ப்யூட்டரில் இருந்த பிளேயரில் நகலைப் போட்டால் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. அதனால்தான் அசலைத் தேடிப் போனேன். அதுவும் பாழாகிவிட்டதால், நகலையே மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று மதினியையும் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து இணையத்திலிருந்து வேறொரு வீடியோ பிளேயரை இறக்கிப் போட்டேன். சத்தம் வந்தது. ஆனால் நகல் ஐந்து துண்டுக் கோப்புகளாக இருந்தது. ஒவ்வொன்றாக ஓட்டினேன். முதல் துண்டின் கடைசியில் அண்ணன் மதினி பக்கம் குனிந்து வாயைத் திறந்தார். "நீ..." என்றார். அத்தோடு முடிந்தது. அடுத்த துண்டு மதினி தலையாட்டுவதில் தொடங்கியது. மூன்று முறை போட்டும் அதே கதைதான்.

"அந்த இடம் மட்டும் அழிஞ்சு போச்சா தம்பி?" என்று மதினி கேட்டார்.

மூன்றாவதாக ஒரு பிளேயரை இறக்கினேன். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் பேச்சு விட்டுப்போகிறதோ என்று, இந்த முறை துண்டு துண்டாகக் கொடுக்காமல், அவை இருந்த ஃபோல்டரையே மொத்தமாகத் திறக்கச் சொன்னேன். அண்ணன் குனிந்தார். படம் நிற்காமல் ஓடியது. கேமரா அவரை ஒட்டியே நின்றிருந்ததால் கொட்டுச் சத்தத்தையும் மீறிக் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீ சாப்புட்டியா? விடியக்காலைலருந்து நின்னுக்கிட்டே இருக்கியே."

திரையில் மதினி அவசரமாகத் தலையாட்டினார். என் பக்கத்தில் இருந்த மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"இல்ல. பச்சத்தண்ணி கூடக் குடிக்கல."