தண்ணீர் ஆலை ஓடிய கால் மணி நேரம்

அன்றைக்கு நடந்தவை, வரிசைப்படி:

1. பெண் வீட்டார் திருச்செந்தூர் போகிற வழியில் மாமாவின் ஆலையைப் பார்க்க வந்தார்கள்.
2. மாமா மதகுப் பலகையைத் தூக்கினார்.
3. சக்கரம் சுற்றியது.
4. கடைமடை ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள்.
5. நான் ஒரு பொய் சொன்னேன்.

அப்போது நான் ஒன்பது வயதுச் சிறுமி. மாமா என் அம்மாவின் தம்பி. சாத்தான்குளத்தில் கருப்பட்டி வியாபாரம். தாமிரபரணி வாய்க்கால் கரையில் சும்மா கிடந்த ஒரு வெள்ளைக்காரன் காலத்து மாவு ஆலையைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியாக வாடகைக்குப் பிடித்தார். தண்ணீர்க் கரையில் கருப்பட்டி இளகிவிடும் என்று அம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அவர் உள்ளே இருந்த தண்ணீர்ச் சக்கரத்தைப் பார்த்துவிட்டிருந்தார்.

கட்டியவர் யார் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. தன் ஊர் ஓடைக்கரையில் பார்த்த ஆலையை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார். மூன்று அடுக்கு, செங்கலும் சுண்ணாம்பும். பனி வழிந்து இறங்குவதற்கான செங்குத்துக் கூரை, ஆவணி வெயிலிலும் குளிருக்குத் தோளைக் குறுக்கியபடி நின்றது. கூரை முகப்பிலிருந்து ஒரு சிறு அறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் இரும்பு வளையம். வெள்ளைக்காரன் ஆட்களைத் தூக்கில் போட்ட இடம் என்று ஊரில் சொல்வார்கள். மூட்டை தூக்கும் கயிற்றுக்கான வளையம் அது என்பதைப் பொறியியல் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சக்கரம் ஆலையின் இடுப்பில், அதற்கென்றே வளைத்துக் கட்டிய சுவருக்குள் இருந்தது. அதோடு சேர்ந்த பல்சக்கரம் இரும்பு. பற்கள் மட்டும் மரம். ஏதாவது சிக்கினால் மரப்பல் ஒடியும், இரும்பு தப்பிக்கும். ஒடிந்த பற்களுக்குப் பதிலாக மாமா உடைமரத்தில் ஒவ்வொன்றாகச் செதுக்கி மாட்டினார். அதில் ஒரு வருடம் போயிற்று. இரண்டு வரன்களும் போயின.

மூன்றாவது வரன் தூத்துக்குடி. பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கிரேன் பழுது பார்ப்பவர். ஆலையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தன் மனைவியிடம், எல்லோருக்கும் கேட்கும்படியான ரகசியக் குரலில் சொன்னார்: "ஓடாத மிஷினுக்கு எண்ணெய் போடுத ஆளுக்கா பிள்ளையக் குடுக்கப் போறோம்?"

மாமாவின் காது சிவந்தது. பெண் மட்டும் பல்சக்கரத்தின் அருகே குனிந்து, "பல்லு எல்லாம் மரமா?" என்று கேட்டாள். இதுவரை வந்தவர்களில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். மாமா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகுக்குப் போய்ப் பலகையை நெம்பித் தூக்கினார்.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு சுவருக்குள் யாரோ பெருமூச்சு விட்டது போலிருந்தது. சக்கரத்தின் ஒரு தட்டு நிறைந்தது, தாழ்ந்தது, அடுத்தது நிறைந்தது. பற்கள் ஒன்றையொன்று கவ்வும் சத்தம் வெற்றிலை மெல்லுவது போல மெதுவாக இருந்தது. தண்ணீரில் பட்ட வெயில் உள்ளே ஏறி, சுண்ணாம்புச் சுவரில் மீன் கூட்டம் மாதிரி நெளிந்தது. கட்டடம் முழுவதும் லேசாக நடுங்கிற்று. ஆலை கரையை விட்டு நகர்ந்து எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறது என்று நினைத்தேன். கிரேன்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு, நகர்வதற்காகக் காத்திருந்தேன்.

மண்வெட்டிகள் அப்போதுதான் வாசலில் தெரிந்தன.

அன்று வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை ஊருக்குத் தண்ணீர் முறை. மாமா வறண்ட காட்டு ஊர்க்காரர். அவருக்குத் தண்ணீர் என்பது கிணற்றில் கிடக்கும் பொருள். அதற்கு நாளும் நேரமும் உண்டென்று அவருக்குத் தோன்றியதில்லை. சக்கரத்தைத் தள்ளிய தண்ணீர் மறுபடி வாய்க்காலுக்குத் திரும்பும் வழி தூர்ந்துபோயிருந்தது. எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்தவர் அதைப் பார்க்கவில்லை. கடைமடையின் தண்ணீர் யாருடைய வாழைத் தோட்டத்திலோ நின்றது.

"ஏலே, முறைத் தண்ணிய எவம்லே திருப்புனது?" கரைக்காவலுக்கு நின்று, மண்வெட்டியோடு வந்த மூவரில் மூத்தவர் கேட்டார். "ஆடு மாடு, சின்னப் பிள்ளை செஞ்சா கேள்வி கிடையாது. ஆளு செஞ்சா ஊர்க்கூட்டத்துல வந்து நிக்கணும். தண்ணிக் கள்ளனுக்கு இந்தக் கரையில இடம் கிடையாது, சொல்லிட்டேன்."

கிரேன்காரர் மெல்லச் செருப்பைத் தேடினார். மூன்றாவது வரனும் போகிறது என்று எனக்கே புரிந்தது. மாமா ஓரடி முன்னால் வைத்து, "நான்..." என்றார்.

"நாந்தான் தூக்கினேன்" என்று கத்தினேன்.

பெரியவர் என் ஒல்லி மணிக்கட்டைப் பார்த்தார். "ஏளா, நீயா? தனியாவா?"

எனக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "ஆமா, தனியாத்தான் தூக்குச்சி. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

அவளுடைய அப்பா அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெரியவரிடம் திரும்பி, "சின்னப் பிள்ளை, தெரியாமச் செஞ்சிட்டு. விடுங்க அண்ணாச்சி" என்றார்.

"பலசாலிப் பிள்ளைதான்" என்றார் பெரியவர். அவருடன் வந்த ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

பலகையை இறக்க மாமாவும் அந்த மூவரும் சேர்ந்து அதன் மேல் ஏறி மிதிக்க வேண்டியிருந்தது. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பொய்யை எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்ற பெருமையில், அதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. அந்த வருடம் முழுவதும் பள்ளிக்கூடத்தில், பெரியவர்களை ஏமாற்றுவது சுலபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது மதகு வடிவமைப்பதுதான் என் வேலை. அந்தப் பலகையை அசைக்க ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேராவது வேண்டும். அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட என்னை நம்பியிருக்க முடியாது. வாழ்க்கையில் அரைமணி நேரமே பார்த்திருந்த ஒருவருக்காக ஒரு பெண், அப்பாவின் முகத்துக்கு நேரே பொய்ச்சாட்சி சொன்னாள். அதன் பிறகு, கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க மறந்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாமாவும் அத்தையும் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். வாய்க்காலுக்குச் சிமெண்டுக் கரை போட்டபோது ஆலைக்குத் தண்ணீர் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். சக்கரம் நின்ற இடத்தில் நிற்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் முறைப்படி போகிறது.