அசையாமல் நின்ற 132

போன வருடம் மே மாதம், பள்ளிக்கூட விடுமுறை. பாடியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை, வீடு காட்டுப்பாக்கத்தில். கணவருக்கு வெளியூரில் வேலை என்பதால், விடுமுறை நாட்களில் ஒன்பது வயது மகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.

மகளுக்கு ஆறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டே ஆக வேண்டும். அவள் கையில் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். அது சர்க்கரை அளவை அவள் வைத்திருக்கும் பழைய போனுக்கு அனுப்பும். அங்கிருந்து இன்டர்நெட் வழியாக என் போனுக்கு வரும். அளவு ரொம்பக் குறைந்தால் இரண்டு போனும் அலறும். அந்த தைரியத்தில்தான் நான் வேலைக்கே போகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சார்ஜும் டேட்டாவும் வீணாகாமல் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு பித்து. தேவையில்லாமல் பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்துவது, வீடியோ தானாக ஓடாமல் செய்வது, லொகேஷனை அணைப்பது, திரை வெளிச்சத்தைக் குறைப்பது எல்லாம் எனக்கு அத்துப்படி. கூட வேலை செய்பவர்கள் தங்கள் போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார்கள். நானும் டாக்டர் மாதிரி வாங்கிப் பார்த்து வைத்தியம் சொல்வேன். அவ்வளவு திமிர்!

மகளின் பழைய போன் மதியத்துக்குள் பாதி சார்ஜைத் தின்றுவிடும். அதனால் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து அதற்கும் வைத்தியம் பார்த்தேன். பேட்டரி சேவர், டேட்டா சேவர் இரண்டையும் போட்டு, எல்லா ஆப்களையும் ஒரேயடியாகத் தூங்க வைத்தேன். நடுவில் ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமலே 'சரி'யை அழுத்தினேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு என் போனில் 132 காட்டியது. நல்ல அளவு. பன்னிரண்டரைக்கு மகள் கூப்பிட்டு, "அம்மா, ஊசி எவ்ளோ போடட்டும்?" என்று கேட்டாள். பார்த்தேன், 132. "எப்பவும் போடறதே போட்டுக்கோ, தட்டுல மிச்சம் வைக்காம சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

ஒன்றரைக்குப் பார்த்தேன், 132. இன்று எவ்வளவு சமத்தாக இருக்கிறது என்று சந்தோஷம் வேறு.

இரண்டு மணி இருக்கும். இரும்பு வளையங்களை முள் வைத்த அளவுகருவியில் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து நாலைந்து வளையங்களுக்கு ஒரே அளவு, மயிரிழை கூட மாறவில்லை. எங்கள் வேலையில் அப்படி வந்தால் யாரும் சந்தோஷப்பட மாட்டோம். வளையம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, முள் சிக்கிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். கருவியைத் தட்டிப் பார்க்கக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

132.

சாப்பிட்ட குழந்தைக்கு ஏறியிருக்க வேண்டும், இல்லை ஊசிக்கு இறங்கியிருக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஒரே எண் நிற்குமா? போனை எடுத்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 'கடைசியாக வந்தது 11:04' என்று இருந்தது. நான் பழைய எண்ணை நம்பி என் பிள்ளைக்கு ஊசி போடச் சொல்லியிருக்கிறேன்!

மகளின் போனுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. அக்காவுக்கு அடித்தேன், அவரும் எடுக்கவில்லை. யாரிடம் என்ன சொல்லிவிட்டு வெளியே ஓடினேன் என்று இன்றுவரை நினைவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்டோவில் ஏறினேன்.

மறுபடி மறுபடி அடித்தேன். சர்க்கரை ரொம்ப இறங்கினால் முதலில் வியர்க்கும், அப்புறம் தூக்கம் வரும், அதற்கப்புறம் வலிப்பு, நினைவு தப்புவது என்று டாக்டர் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. போனில் 71 சதவீதம் சார்ஜ் இருந்தது. அதைத் தூக்கி ரோட்டில் எறியலாம் போல இருந்தது.

மதுரவாயல் தாண்டினோம். போரூர் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலையைக் குறுக்கியிருந்தார்கள். வண்டி எறும்பாக ஊர்ந்தது. நான் வாய்விட்டு அழுவதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் திரும்பினார்.

"இன்னா மேடம் ஆச்சு? சொன்னாத்தானே தெரியும்."

உளறிக்கொட்டினேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் மூளை வேலை செய்தது அவருக்குத்தான்.

"நாம போய்ச் சேர இன்னும் அரை மணி ஆவும். அந்த ஊட்டாண்ட வேற யாராச்சும் கீறாங்களா பாரு. தண்ணி கேன் போடறவரு நம்பர் வச்சிருப்பியே? அவருக்கு அடி!"

நாலு வருடமாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். அவர் ஞாபகமே எனக்கு வரவில்லை. அடித்தேன், முதல் மணியிலேயே எடுத்தார். எதிர்வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாப்பாவைப் பார்க்கச் சொன்னேன். அடுத்த தெருவில்தான் இருந்தாராம். போனை வைக்காமலே மூன்று மாடி ஏறினார். அவர் மூச்சு வாங்குவதும், அக்கா வீட்டுக் கதவை அடிப்பதும், உள்ளே டி.வி. சத்தமும் என் காதில் விழுந்தன.

கதவு திறந்தது. "பாப்பா தூங்குதுப்பா, ஏன் இப்டி கத்துற?" என்பது அக்காவின் குரல். பிறகு அவரே, "ஐயோ, இன்னா இப்டி சட்டையெல்லாம் நனைஞ்சு கீது?" என்று அலறினார்.

"கண்ணைத் திறக்குறாளா? முழுங்குறாளா?" என்று ஆட்டோவுக்குள்ளிருந்து நான் கத்தினேன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எத்தனை விநாடி என்று தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் வேறு எதுவும் இல்லை.

"தொறக்குதும்மா. முழிக்குது. ஆனா பேச்சு கொழறுது" என்றார் கேன்காரர்.

அவள் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. உட்கார வைத்து, தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்கச் சொன்னேன். விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் அக்கா பார்த்தபோது 46. கால் மணி கழித்து 78. அதற்குப் பிறகுதான் போனில் என் மகளின் குரலைக் கேட்டேன். "அம்மா, பசிக்குது" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்து அவளைக் கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. பதினொரு மணிக்கு மேல் மொட்டை மாடியில் ஓடியாடி விளையாடியதிலேயே அவளுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. அதன் மேல் நான் சொன்ன ஊசி. சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டுச் சோபாவில் படுத்திருக்கிறாள். வெயிலில் ஆடிய களைப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டார் அக்கா. அவள் போனும் அக்காவின் போனும் உள்ளறையில் இருந்தன, டி.வி. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் என்ன தப்பு?

மகளின் போனை எடுத்துப் பார்த்தேன். காலையில் அவள் கடைசியாக ஆப்பைத் திறந்து பார்த்தது 11:04க்கு; அதன் பிறகு, அலற வேண்டிய அந்த ஆப் நான் தூங்க வைத்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது. மேல் மூலையில் சார்ஜ் 88 சதவீதம். நான் கேட்டதை அது ஒழுங்காகச் செய்திருந்தது.

இன்றும் ஆபீசில் போனை நீட்டுபவர்களுக்கு வைத்தியம் சொல்கிறேன். ஆனால் முதலில், "இதுல எந்த ஆப் தூங்கவே கூடாது?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் வாங்குகிறேன். மகளின் போன் பழையபடி மதியத்துக்குள் பாதி சார்ஜைத் தின்கிறது. அவள் பையில் ஒரு பவர் பேங்க் ஏறியிருக்கிறது. வேலைக்கு நடுவே கூப்பிட்டு, "அம்மா, சார்ஜ் இறங்கிட்டே இருக்கும்மா" என்று அவள் சலித்துக்கொள்ளும்போதெல்லாம், என் பிள்ளைக்காக அது விழித்திருக்கிறது என்று எனக்கு நெஞ்சு ஆறுகிறது.