பேர் சொல்லி ஜெபித்த எங்கள் அக்கா

அக்கா கடைசியாகத் திருவிருந்து எடுத்த அன்றைக்கு அவரின் அறைக்குள் இருந்தவர்கள் இவர்கள்: போதகர் ஐயா, கிரேஸ் ரீச்சர், ரீச்சரின் மகள் ராணி, ராணியின் கணவர் தேவராசா, நான், கட்டிலில் அக்கா. ரீச்சர் குடும்பத்தைக் காரில் கூட்டிவந்த சாய்ந்தமருது இஸ்மாயில் காக்கா வெளி விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். அவரையும் சேர்த்தால் ஏழு பேர். வேறு ஒருவரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சிலர் சொல்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், நான் குறை நினைக்கவில்லை. ஆனாலும் சரியாக எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வசனம் பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கல்முனையில், எங்கள் கோயில் வளவுக்குப் பின்னால் இருந்த ஓலை வீட்டில் பிறந்தவர். அப்பா திடீரென்று இறந்துபோனபோது அக்காவுக்குப் பதினெட்டு, எனக்கு ஒன்பது. அக்கா ஆஸ்பத்திரியில் பிரசவ விடுதியில் உதவியாளராகச் சேர்ந்து அம்மாவையும் என்னையும் பார்த்தார். கலியாணம் கட்டி மூன்றாம் வருடம் அத்தான் காய்ச்சலில் கண்ணை மூடினார். பிள்ளை இல்லை. அக்கா ஒரு மாதம் அழுதார், பிறகு வேலைக்குப் போனார். பிரசவத்தில் அக்கா கவனித்த மருதமுனை, சாய்ந்தமருது முஸ்லிம் தாய்மார் என்னைச் சந்தையில் கண்டால், "உங்கட ராத்தா எப்பிடி?" என்று கேட்பார்கள். இப்போது கேட்பதில்லை, கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் சபையில் முப்பது குடும்பம்கூட இல்லை. அக்கா அத்தனை பேருக்கும் பேர் சொல்லித்தான் ஜெபிப்பார். ஒருமுறை ஜெபக்கூட்டத்தில், "ஆண்டவரே, சாமுவேல் அண்ணனுக்கு மூலம் கடுமையாக் கிடக்கு" என்று தொடங்கிவிட்டார். சாமுவேல் அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து, "புள்ள, அவருக்குத் தெரியும். சபைக்குத் தெரியத் தேவையில்ல" என்றார். அக்கா அசையவில்லை. "பேர் சொல்லாத ஜெபம் விலாசம் எழுதாத கடிதம் அண்ணன்" என்று சொல்லிவிட்டு, மூலத்துக்கே திரும்பிப் போனார்.

அப்போது சிரித்தோம்.

கிரேஸ் ரீச்சரும் அக்காவும் சின்ன வயதுச் சினேகிதிகள். எங்கள் கரையை அடித்த பெரிய சூறாவளிக்கு முந்தின வருடம் ரீச்சரின் மகள் ராணிக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை திருக்கோவில் ஊர்ப் பக்கம். நான் தையல்காரி, சட்டைக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். கை நீளம் அளக்கும்போது ராணி என் முன்னாலேயே வலிப்பு வந்து விழுந்தாள். ரீச்சர் ஓடிவந்து, இடுப்பில் செருகியிருந்த இரும்புத் திறப்புக் கோர்வையை அவள் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்தார். தெளிந்த பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, இது உன்னோட இருக்கட்டும்" என்றார். ஓம் என்றேன்.

என்னோடு இருக்கவில்லை. இந்தப் பிள்ளை கிணற்றடியில் தனியே நிற்கும்போது விழுந்தால் என்ன ஆகும் என்ற யோசனையில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அக்காவிடம் சொன்னேன். "ஜெபம் பண்ணுங்க அக்கா. ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

"ஆண்டவருக்கு மட்டும்தான் சொல்லுவன்" என்றார் அக்கா.

அவருக்கு மட்டும்தான் சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமை, பாண்டிருப்பில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், முழந்தாளிட்டு, கண்ணை மூடி, சத்தமாகச் சொன்னார். "ராணிக்கு வாற வலிப்பை மாத்தும் ஆண்டவரே, கிணத்தடியில தனிய நிக்கக்குள்ள காப்பாத்தும்." ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அந்த வீட்டாரைப் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தி பாயில் இருக்கிறார். அடுத்த கிழமை கலியாணப் பேச்சு முறிந்தது.

ரீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஆர் உனக்குச் சொன்னது?"

"என்ட வாயாலதானே வந்தது. கேக்கிறதை என்னட்டக் கேள்" என்றார் அக்கா.

நான் உள்ளே தையல் மெசினுக்குப் பின்னால் இருந்தேன். வாய் திறக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உறவினர்கள் பலர் அக்காவைத்தான் இன்னும் குற்றம் சொல்கிறார்கள்.

அதன் பிறகு நாலு வருடம். ரீச்சர் கோயிலில் தான் எப்போதும் இருக்கும் முன்வாங்கை விட்டுக் கடைசி வாங்குக்கு மாறினார், ஆசீர்வாதம் சொல்ல முதலே எழும்பிப் போய்விடுவார். அக்கா திருவிருந்து எடுப்பதை நிறுத்தினார். "என்மேல குறையுள்ள ஒருத்தி பின்னுக்கு இருக்கக்குள்ள நான் முன்னுக்குப் போய் முழந்தாளிடுறதா?" என்றார். போதகர் ஐயா சொல்லியும் கேட்கவில்லை. சூறாவளி கோயில் கூரையைக் கொண்டுபோனபோது இருவரும் ஒரே குவியலிலிருந்து உடைந்த ஓடு பொறுக்கினார்கள், ஒரு சொல் கதைக்காமல்.

கூட்டங்களில் அக்கா சத்தமாக ஜெபிப்பதையும் விட்டார். சனிக்கிழமை கோயில் கூட்டப் போகும்போது, யார் யார் எங்கே இருப்பார்களோ அந்தந்த இடத்தில் தானும் கொஞ்சம் இருந்து, அவர்களுக்காக மனதுக்குள் ஜெபிப்பார். கடைசி வாங்கில் ரீச்சரின் இடத்தில் கூடுதலான நேரம் செல்லும். நான் விளக்குமாற்றோடு காத்து நிற்பேன்.

மூன்றாம் வருடம் ராணியைத் தேவராசா கட்டினார். மருந்துக்கடையில் வேலை செய்பவர். அவளுக்குக் குளிசை எண்ணிக் கொடுத்தவரே அவர்தான், ஆகவே அவருக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. கலியாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் பயந்தது சாவுக்கு மட்டுமல்ல. அக்கா திருவிருந்து எடுக்காமல், என் குற்றத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு போய்விடுவாரே என்றும்தான். ஒரு காலைவேளை துணிந்து ரீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டு இருந்தார்.

"ரீச்சர், ராணிட விசயத்தை அக்காவுக்குச் சொன்னது நான்தான்."

"ஓம்" என்றார், மிளகாயைத் துழாவிக்கொண்டே.

"நான்தான் ரீச்சர்."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும். அண்டைக்கு அறைக்குள்ள நானும் நீயும் ராணியும்தானே நிண்ட? பிறகு ஆர், கிணத்துத் தவளையா போய்ச் சொன்ன?"

நாலு வருடமாக எனக்கு இது புத்தியில் ஓடவில்லை. "அப்ப ஏன் அக்காவோட கதைக்கல்ல?"

"ஜெபத்தில சொன்னதுக்குக் கோவம் ஒரு வருசத்தில ஆறிட்டு. வாசல்ல வந்து நிண்டு கேட்ட எனக்கு, உன்னை உள்ளுக்கு ஒளிச்சிட்டுக் கதவைச் சாத்தின மாதிரிப் பதில் சொன்னாளே, அதுதான் ஆறல்ல. ரெண்டு பேரில ஒருத்தி வருவா எண்டு பாத்தன். நாலு வருசம் செல்லுமெண்டு நினைக்கல்ல." கொஞ்சம் நின்று சொன்னார்: "அவளுக்கு ஜெபம் பண்ணாம இருந்தன் எண்டு நினையாத. முதல்ல அவட வாயைக் கட்டச் சொல்லித்தான் ஜெபம். மறுகா அது மாறிட்டு. இப்ப எப்பிடி இருக்கிறா?"

"சாப்பாடு இறங்குதில்ல."

ரீச்சர் எழும்பிக் கை கழுவினார். "நான் சீலை மாத்திறன். ராணியையும் ஏத்திக்கொண்டு போவம். நீ இந்த மிளகாயை அள்ளி உள்ளுக்கு வை, மழை வரும்."

இஸ்மாயில் காக்காவை ரீச்சர்தான் கூப்பிட்டார். வழியில் போதகர் ஐயாவையும் ஏற்றினோம். அறைக்குள் வந்ததும் அக்கா, "கிரேஸ், என்னை மன்னிச்சுக்கொள்" என்று தொடங்கினார்.

"முதல்ல அங்கால ஒதுங்கு. இருக்க இடமில்ல" என்று சொல்லி ரீச்சர் கட்டிலில் இருந்து, அக்காவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்தார்.

ராணி, "பெரியம்மா, அந்தக் கலியாணம் நடந்திருந்தா நான் ஆயுசுக்கும் ஒளிச்சு ஒளிச்சுத்தான் குளிசை விழுங்கியிருக்கோணும். இவர் எண்டா நேரத்துக்குத் தண்ணியோட வந்து நிப்பார்" என்றாள்.

"கடையில பழகின பழக்கம்" என்றார் தேவராசா.

அக்கா சிரித்தார். போதகர் ஐயா அப்பத்தையும் ரசத்தையும் கொடுத்தார். அக்கா ஒரு சிறு துண்டைத்தான் விழுங்கினார், ஆனால் விழுங்கினார். ஒன்பதாம் நாள் காலை, வேதனை இல்லாமல், ரீச்சர் பக்கத்தில் இருக்கும்போது அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அந்த ஒன்பது நாளும் கஞ்சி காய்ச்சித் தந்த சபைப் பெண்களுக்கும், எந்நேரமும் காரோடு நின்ற இஸ்மாயில் காக்காவுக்கும், மருந்தோடு வந்துபோன ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஒருதரம் வாய்விட்டுக் கெடுத்தவள் நான். ஆகவே அக்காவின் ஆண்டு நினைவுக்காக இதை அச்சுக்குக் கொடுக்க முதல் ராணியிடம் கொண்டுபோய் முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவள் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டே கேட்டாள்.

"போடுங்க சின்னம்மா. ஆனா இதில நான் விழுந்த கதை மட்டும்தான் கிடக்கு. எழும்பின கதை எங்க?"

ஆகவே அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ராணிக்கு இப்போது ஒரு மகள். இரண்டு வருடமாக வலிப்பு வரவில்லை. ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். கிணற்றில் தண்ணீரும் தானேதான் அள்ளுகிறாள்.