வெள்ளை லேஸில் ஒரு கறுப்பு நூல்

அக்காவின் காரியத்துக்கு வந்த சொந்தபந்தங்களுக்கு வணக்கம். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவள் நான். பிழையும் மறதியும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவைப் பற்றி ஒன்றை மட்டும் நான் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அக்கா காம்பார் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், பன்னிரண்டு வயதிலேயே தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவுக்கு வேலைக்குப் போனார்கள். துரைசானி பிறந்தது இங்கிலாந்தில் ஒரு சின்னச் சந்தை ஊராம். அங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் லேஸ் பின்னிச் சந்தை நாளில் விற்பார்களாம். திண்டில் குண்டூசி குத்தி, குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போடும் அந்த வேலையை அக்காவுக்கும் பழக்கினார். அக்காவுக்குக் கண்ணில் நீர் வடியும். ‘எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையே செய்யும்’ என்பாராம் துரைசானி.

துரைசானிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தேவாலயத்தில் பெயர் வைக்கும் நாளில் போடும் உடுப்புக்கு அக்காதான் லேஸ் பின்னினார்கள். சோறு கொண்டுபோன நான் பார்த்தேன்.

“ஏங்க்கா, எல்லாம் வெள்ளையாவே இருக்கு? கண்ணு பட்டுரும். ஒரு கறுப்பு நூலு போடுக்கா.”

“போடி, துரைசானி பாத்தா தோலை உரிச்சிருவாங்க.”

“ஓரத்துலதானே? பிள்ளைக்குப் பொட்டு வைக்கிறாப்ல.”

என் அரைஞாண் கயிற்றிலிருந்து ஓர் இழை பிரித்துக் கொடுத்தவள் நானே.

பெயர் வைத்த சில நாளில் குழந்தை காய்ச்சலில் இறந்தது. அடக்கத்துக்கு அதே உடுப்பைப் போடும்போதுதான் துரைசானி அந்த நூலைக் கண்டு அரைகுறைத் தமிழில் கத்தினார்.

“எங்க ஊர்ல கறுப்பு நூல் சாவுக்குத்தான் போடும்! யார் போட்டது?”

நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“நான்தாம்மா,” என்றார்கள் அக்கா.

மறுநாளே அப்பாவுக்கு வேலை போயிற்று, தோட்டத்தார் கொடுத்த லயத்து வீடும் போயிற்று. சட்டிபானையோடு நடந்தோம்.

“பெரிய லேஸ்காரி! வெள்ளக்காரப் பிள்ளைக்குக் கண்ணு கழிக்க உன்னை யாருடி கேட்டா?” என்று வழிநெடுக அம்மா ஏசினார்.

அந்த வருடமே, கூலிக்குப் போன ஈயச் சுரங்கத்தில் மண் சரிந்து அப்பா இறந்தார். கறுப்பு நூல் போட்ட கை என்று அம்மா சாகும்வரை சொன்னார். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு புந்தோங்குக்கு வந்து, ஊராருக்குத் துணி துவைத்து என்னைக் கரையேற்றினார்கள். எந்தக் குழந்தைக்கும் அவர்கள் மைப்பொட்டு வைத்ததில்லை. திமிர் என்று சொன்னீர்கள். அது பயம்.

கடைசி நாட்களில் அக்காவுக்குப் பார்வையில்லை. கையைப் பிடித்தேன். “அக்கா, நூலு குடுத்தது நான்ல?”

“ஒரு ஏச்சுக்கு ரெண்டு பேரு எதுக்குலா? ஆனா தங்கச்சி, அந்த ஊர்ல நெசமாவே அப்படித்தானா?”

அந்தக் கேள்வியோடு போய்விட்டார்கள்.

கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டிய என் மருமகளுக்கும், பாடை சுமந்த அண்டைவீட்டாருக்கும் கும்பிடு. படித்த பிள்ளைகள் யாராவது இதைச் சரிபாருங்கள். துரைசானியின் ஊர்ப் பெயர் மறந்துவிட்டது. அங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டா, இல்லை பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாளா? எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள். அக்காவிடம் நான் வெறுங்கையோடு போகக் கூடாது.