ராட்சசனுக்கு வைத்த பொட்டு

ஒரகடத்தில் ஜப்பான்காரர்கள் நடத்தும் கம்பெனியில் நான் கூட்டித் துடைக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு ஆயுத பூஜையன்று மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, ஜப்பான் மேனேஜரின் அறைக்கும் கிண்ணத்தோடு போனேன். அப்போது அவர் அங்கே இல்லை. மேசையில் இரண்டு பொம்மைகள் இருந்தன. ஒன்று வெல்டிங் முகமூடி போட்ட ஆள் மாதிரி வெள்ளி நிறத்தில் மொழுமொழுவென்று நின்றது. மற்றதற்குக் கொம்பு, கோரைப்பல், உருட்டு விழி. இதுதான் அவருடைய காவல் தெய்வம் என்று எண்ணி, அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, காலடியில் ஒரு சாமந்தியும் வைத்தேன்.

கேன்டீனுக்குப் போவதற்குள் சூப்பர்வைசர் என்னைத் திரும்ப அந்த அறைக்கே கூப்பிட்டார். உள்ளே மேனேஜர் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற? அது ஜப்பான் டிவியில வர்ற ராட்சசன். வானத்துலேர்ந்து வந்த இந்த வெள்ளிக்காரன் மலை ஒசரத்துக்கு வளர்ந்து, வாராவாரம் அதைப் போட்டு மிதிப்பான். நீ அடி வாங்குறவனுக்குப் போயி பூ வெச்சிட்டியே," என்றார் சூப்பர்வைசர்.

நான் காண்ட்ராக்ட் ஆள். அன்றோடு வேலை போனது என்று நினைத்தேன். பொம்மையைத் துடைக்கத் துணியை எடுத்தேன். மேனேஜர் வேண்டாம் என்று கையசைத்துச் சிரித்தார். பிறகு என் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, வெள்ளிக்காரனின் நெஞ்சில் இருந்த நீல விளக்கின்மேல் குங்குமத்தை அப்பினார்.

மூன்று வருஷமாக அவரைக் கண்டாலே சுவரோரம் ஒதுங்கிப்போகிற எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை.

"அங்க இல்ல சார். நெத்தியில வெக்கணும்," என்றேன்.