மேசையின் உயரம்

சித்தப்பாவுக்குக் கடைத்தெருவில் 'ஒருவெட்டு' என்று பெயர். துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக் கத்திரிக்கோலை எடுத்தாரென்றால் முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டம். அவர் திருத்தி வெட்டி யாரும் பார்த்ததில்லை. கோட்டும் கால்சட்டையும் மட்டும்தான் தைப்பார்.

கடையை அடைத்துக்கொண்டு நிற்கும் வெட்டுமேசை அவர் சொல்லிச் செய்தது. முதுகு வளையாமல் நின்றபடி வெட்ட வேண்டும் என்று தச்சரிடம் இடுப்புக்கு மேலே வரும் உயரம் கேட்டு வாங்கினார். பக்கத்தில் ஒரு குட்டை முக்காலி. பொத்தான் தைக்க மட்டும் அதில் உட்காருவார். உட்கார்ந்தால் மேசை விளிம்பு அவர் தோளுக்கு வரும்.

ஐம்பத்தாறாவது வயதில் அவருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது தெரிந்தது. மேல் அளவு நூற்று அறுபத்தெட்டு. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரத்தில் வறட்டு இருமல் தொடங்கியது. மாத்திரையால் வந்த இருமல் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. ஒருநாள் கோட்டின் முன்பக்கத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது இருமல் வந்து, கத்திரிக்கோல் சாக்பீஸ் கோட்டை விட்டு ஒரு விரல்கடை உள்ளே போய்விட்டது. வெட்டுப்பட்ட இடத்தின் மேல் ஒரு பையை வைத்துத் தைத்து மறைத்தார். கோட்டுக்காரர், "இந்தப் பை ரொம்ப எடுப்பா இருக்கு மாஸ்டர்" என்று பாராட்டிவிட்டுப் போனார். சித்தப்பா அன்று மதியம் சாப்பிடவில்லை.

"இந்த மாத்திரையைத் தின்னா என் கை போயிடும்மா. வேற வழி இருந்தா பாரு" என்றார் என்னிடம்.

எனக்கு இரண்டு மொழிகள் தெரியும். அதனால் வீட்டுக்கு வரும் தாள் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். மூலிகை மருந்துகளைப் பற்றித் தேடிப் படித்தேன். உலர்ந்த செம்பருத்திப் பூவைக் கொதிநீரில் போட்டுக் குடித்தால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும் என்று ஒன்றிரண்டு ஆய்வுகள் கூறின. 'கொஞ்சம்' என்ற சொல்லையும் நான் படித்தேன். சித்தப்பாவிடம் சொன்னபோது அதற்கு அழுத்தம் கொடுக்கவில்லை.

"மாத்திரையோட சேர்த்துக் குடிங்க. அளந்து பார்த்துக்கலாம்" என்றேன். வீட்டில் அளக்கும் கருவி ஒன்றையும் வாங்கி வந்தேன்.

சித்தி சிரித்தாள். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. ஊர் உடம்பையெல்லாம் அளக்கிறவருக்கு அவர் உடம்பை அளக்க ஒரு பொண்ணு வேண்டியிருக்கு."

"நீ உன் பூத்தண்ணியைப் பார்த்துக் காய்ச்சு" என்றார் சித்தப்பா.

காலையும் மாலையும் சிவப்பாக ஒரு டம்ளர். புளிப்பு தாங்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார். மாலையில் நான் வேலை முடிந்து கடைக்குப் போவேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து வலது கையை மேசைமேல் நீட்டுவார். நான் கருவியின் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துவேன். நூற்று முப்பத்திரண்டு. நூற்று இருபத்தொன்பது. தேதி போட்டு நோட்டில் எழுதினேன்.

இரண்டாவது மாதம் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார். பிறகு நிறுத்தினார். இருமலும் நின்றது. என்னிடம் மறைக்கவில்லை.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா சித்தப்பா?"

"கேட்டா திரும்பத் தின்னுன்னுதான் சொல்வார். உன் நோட்டு என்ன சொல்லுது?"

நூற்று நாற்பதைத் தாண்டவில்லை என்று நோட்டு சொன்னது. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். மாத்திரை இல்லாத அந்த மூன்று மாதங்களில் அவர் வெட்டியது போல எப்போதும் வெட்டியதில்லை என்று சித்தி இன்றும் சொல்கிறாள்.

அன்று வெயிலா மழையா என்பதெல்லாம் நினைவில்லை. செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு கோட்டின் கைக்கான துண்டைப் பாதி வெட்டியபோது கத்திரிக்கோல் அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தார். மறுபடி நழுவியது. மூன்றாம் முறை விரல்கள் மடங்கவேயில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததைச் சித்திதான் முதலில் பார்த்தாள்.

மருத்துவமனையில் அதே டாக்டரிடம் நோட்டை நீட்டினேன். அந்த நேரத்திலும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அவர் கருவியைக் கொண்டுவரச் சொல்லி, அங்கிருந்த கருவியோடு ஒத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றையே காட்டின.

"எங்க உட்கார்ந்து அளந்தீங்க?"

மேசையையும் முக்காலியையும் சொன்னேன். நர்ஸ் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளந்தார். நூற்றுப் பதினெட்டு. பிறகு கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து அளந்தார். தொண்ணூற்றொன்பது.

"கை உசரப் போனா நம்பர் இறங்கிடும்மா" என்றார்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "செம்பருத்தி குடிச்சது தப்பில்லை. மாத்திரையை விட்டதுதான் தப்பு. இருமல் வருதுன்னு சொல்லியிருந்தா வேற மாத்திரை கொடுத்திருப்பேன். இருமல் வராத மாத்திரை எத்தனையோ இருக்கு."

கருவியோடு வந்த கையேட்டை அன்று வீட்டில் தேடி எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கும் படம். கைக்கும் நெஞ்சுக்கும் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு. நான் எழுத்தை மட்டும், அதுவும் பொத்தான்களைப் பற்றிய பகுதியை மட்டும் படித்திருந்தேன். படத்தைப் பார்க்க எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டாம்.

ஓராண்டு ஆகிவிட்டது. பேச்சும் நடையும் திரும்பின. வலது கையில் சாக்பீஸ் நிற்கிறது, கத்திரிக்கோல் நிற்கவில்லை. வேறு மாத்திரை, இருமல் இல்லை. செம்பருத்தியையும் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் அளக்கிறோம். சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு நேராகச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறார். கை அந்தக் கோட்டுக்கு வரும்வரை அடியில் துணியை மடித்து மடித்து வைப்பார். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. "மேசையை உசத்திச் செய்யச் சொன்னது நான்தானே" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கச் சொன்னார். பாதி வெட்டிய அந்தக் கோட்டுக் கைத்துண்டு அப்படியே கிடந்தது. மங்கிப்போன கோட்டின்மேல் நடுங்கும் கையால் மறுபடி கோடு போட்டுவிட்டு, கத்திரிக்கோலை என் பக்கம் தள்ளினார்.

"நீ வெட்டும்மா."

"எனக்கு வராது சித்தப்பா."

"நான் சொல்றேன். நிறுத்தாம போ."

நிறுத்தாமல்தான் போனேன். பாதி வழியில் கத்திரிக்கோல் கோட்டை விட்டு விலகியது. கையை எடுத்துக்கொண்டேன். அவர் குனிந்து அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"போகட்டும். ஒரு பை வெச்சுத் தெச்சா மறைஞ்சிடும்" என்றார். "கோட்டுக் கையில யாரும்மா பை வெப்பாங்க?" என்று அவரே சிரித்தார். நான் துணியை மடித்து வைத்தேன்.